விலக மறுத்த சீஃப்

"ராஜினாமாவா? செத்தாலும் மாட்டேன், மேயரம்மா!"

போர்ட் லாரிமர் நகரத்தின் போலீஸ் சீஃப் வெண்டல் பிக்கெட், தொப்பியை மேயரின் மேசை மேலேயே வைத்துவிட்டு, நாற்காலியில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தார்.

மேயர் கோரின் ஹாடிக்ஸ் பதவிக்கு வந்து கொஞ்ச நாள்தான். அதற்கு முன் மரச்சாமான் கடைகள் நடத்தியவர். பழைய மேயர் நியமித்த சீஃப் அவருக்கு எதற்கு? மேயர் மாறினால் சீஃபும் மாறுவது அந்த ஊரில் புதிதல்ல. முன்னாள் சீஃப்கள் எல்லாரும் வாசல் சுவரில் சிரித்த முகத்தோடு படமாகத் தொங்குகிறார்கள்.

"கீழே டிவிக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க. 'குடும்பத்தோட இருக்கணும், அதான் விலகுறேன்'னு சொல்லிட்டு கௌரவமா போயிடுங்க. எல்லா சீஃபும் அப்படித்தானே போனாங்க?"

"என் குடும்பத்தை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் பகல்ல வீட்டுல இருந்தா டார்லீன் தாங்க மாட்டா."

அது பொய்யில்லை. காலையில் காபி ஊற்றும்போதே அவர் மனைவி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். "அந்தம்மா என்ன திட்டினாலும் காதுல வாங்காத வெண்டல். நீயா மட்டும் விலகிடாத. இத்தனை வருஷ உழைப்பு வீணாப் போயிடும்."

மூலையில் உட்கார்ந்திருந்த நகராட்சி வக்கீல் மில்டன் குரோவ், ஜலதோஷமே இல்லாமல் இருமிக்கொண்டிருந்தார்.

மேயர் விடவில்லை. "உங்க மேல நம்பிக்கை இல்லைன்னு உங்க போலீஸ்காரங்களே ஓட்டுப் போட்டுட்டாங்க. வெக்கமா இல்லை?"

"அவங்க லீவை நான் குறைச்சா ஓட்டுப் போடத்தான் செய்வாங்க. உங்க கடை ஆளுங்களுக்கு அப்படி ஒரு ஓட்டு இல்லை, நீங்க தப்பிச்சீங்க!"

மேயரின் முகம் சிவந்தது. வக்கீல் எழுந்தே விட்டார்.

"மேயரம்மா, ஒரு நிமிஷம் நாம தனியா பேசினா..."

"சும்மா இருங்க மில்டன்! தண்ணி குடிங்க!"

இந்த அறையை விட்டு வெண்டல் எப்படி வெளியே போகிறார் என்பதில்தான் அவருடைய மிச்ச வாழ்க்கையே இருந்தது. இருந்தாலும் குரலை இறக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். என்னை அனுப்பற துணிச்சல் உங்களுக்கு இல்லை. அதனாலதானே என் வாயாலேயே சொல்ல வைக்கப் பாக்கறீங்க?"

"துணிச்சலா? எனக்கா இல்லை?" மேயர் மேசையில் ஓங்கி அறைந்தார். "இந்த நிமிஷமே உங்களை சீஃப் பதவியிலேருந்து தூக்கிட்டேன்! போங்க வெளியே!"

வக்கீலின் இருமல் நின்றது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வெண்டல் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து மேயருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"பாவம்தான். ஆனா இனிமே தொல்லை விட்டுது, மில்டன்."

"எங்கே விட்டுது? அதுக்குத்தானே தொண்டை வலிக்க இருமினேன்! தானா விலகற சீஃப்தான் வீட்டுக்குப் போவார். மேயர் தூக்கினா, சீஃப் ஆகறதுக்கு முன்னாடி பார்த்த வேலையைத் திருப்பிக் குடுத்தாகணும். அப்புறம் ரிடையர் ஆகற வரைக்கும் யாராலயும் அவரை அசைக்க முடியாது. இது நம்ம ஊர் சட்டம்!"

வெளியே படிக்கட்டில் வெண்டல் டையை அவிழ்த்துக்கொண்டே போனில் சொன்னார்: "தூக்கிட்டாங்க டார்லீன்! மீட்டிங் எல்லாம் தொலைஞ்சுது, நாளையிலேருந்து பழையபடி ஏரியில ரோந்துப் படகு... இந்தம்மா தங்கமானவங்க. போன மேயரை எத்தனை சீண்டினேன், அந்த மனுஷனுக்குக் கோபமே வரலையே!"