தண்ணீர் வரிசை

அக்காவின் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் எங்கள் ஆய்வகத்தில் வளர்கின்றன. அக்கா போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்தச் செல்களின் மேல் ஏற்பி என்றொரு புரதம் இருக்கிறது. பொருத்தமான மருந்து வந்து ஒட்டினால் வடிவம் மாறித் திறக்கும். திறந்தால் பச்சையாக ஒளிரும்படி செய்திருக்கிறோம். எங்கள் மருந்து எதற்கும் அது அசைந்து கொடுத்ததில்லை. "என் பிடிவாதம் அதுக்கும் இருக்கும்ல," என்று அக்காவே ஒருமுறை சிரித்தாள்.

செல்களைச் சின்னச் சின்னக் குழிகளில் வளர்க்கும் தட்டின் கடைசி வரிசையில், ஒப்பிட்டுப் பார்க்க, வெறும் தண்ணீர்தான் விடுவோம். அங்கே எதுவும் நடக்கக் கூடாது. இன்று அந்த வரிசை ஒளிர்ந்தது.

"தண்ணியில ஏதோ கலந்திருக்கு," என்றாள் கூட வேலை பார்ப்பவள். புதுப் பாட்டிலைப் பிரித்து, புதுத் தட்டில் அவளே விட்டாள். இருட்டாகவே இருந்தது. அதே பாட்டிலிலிருந்து நான் விட்டேன். ஒளிர்ந்தது.

"கையுறைய மாத்திட்டு விடு."

மாற்றினேன். ஒளிர்ந்தது.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பற்றி நர்ஸ் அலுத்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. "மாத்திரைன்னா பல்லக் கடிச்சுக்கிறாங்க மேடம். நீங்க தண்ணி குடுத்தா மட்டும்தான் வாயத் திறக்குறாங்க."

திறந்த ஏற்பி கொஞ்ச நேரத்தில் தானாக மூடிக்கொள்ள வேண்டும். மாலை வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றுகூட மூடவில்லை.

"இப்ப என்ன பண்றது?" என்றாள்.

நான் மறுபடியும் தண்ணீரை எடுத்தேன். கொடுப்பதற்கு எங்களிடம் வேறு எதுவும் இல்லை.