மாத்திரையின் தோல்

சாயப்பட்டறையில் வேலை செய்யும் மாரப்பனுக்குச் சாயத்தின் மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. ஈரத்துணிப் பொதி தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்ட இடுப்புக்கு டாக்டர் சிவப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவன் அதைப் பிளேடால் வெள்ளை தெரியும்வரை சுரண்டிவிட்டுத்தான் விழுங்கினான். இடுப்பு இளகியது, வயிறு எரிந்தது. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். மனைவி தெய்வானை டாக்டரிடமே போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

“அந்தத் தோலுதான் வயித்துக்குக் காவலாமுங்க. வயித்துல கரையாம குடலுக்குப் போய்த்தான் கரையோணுமாம். சுரண்டிச் சுரண்டி வயித்தப் புண்ணாக்கிப்போட்டீங்க. இன்னமும் சுரண்டுனா ரத்தம் கக்கோணும்னு சொல்றாரு.”

“சாயத்தப் பத்தி எனக்கே பாடமா? தொட்டியில கை வெச்சவனுக்குத்தான் தெரியும் புள்ள. எங்கே, நீ முழுங்கு பாக்கலாம்.”

தெய்வானை மாத்திரை அட்டையை எடுத்தாள். அட்டையிலிருந்து ஒன்றைப் பிதுக்கி, சுரண்டாமல் வாயில் போட்டு, தண்ணீர் குடித்தாள்.

“நாக்க நீட்டு.”

நீட்டினாள். பட்டறையில் துணிச்சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பதைப் போலவே, வெள்ளைத் துணியொன்றை நனைத்து அவள் நாக்கில் அழுத்தித் தேய்த்தான். துணியை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வெள்ளையாகவே இருந்தது. மறுபக்கம் திருப்பி, இன்னொரு முறை தேய்க்க வந்தான்.

அவள் நாக்கை உள்ளே இழுக்கவில்லை. அவனுக்கான மாத்திரையை உள்ளங்கையில் வைத்து நீட்டியபடியே நின்றிருந்தாள்.