துளசிங்கத்தின் கையெழுத்து

"நீங்க துளசிங்கம் இல்லை" என்றான் ஜாய்சன், துளசிங்கத்திடமே.

வந்தவர் திகைத்துப்போய் நின்றார். சேலையூரில் ஜாய்சன் வீட்டு வாசற்காலுக்குள் நுழையவே குனிய வேண்டியிருந்த உயரம். ஒரு காலத்தில் மாநில பாஸ்கெட்பால் அணிக்கு ஆடியவர். இப்போது முன்தலை வழுக்கை, கொஞ்சம் தொப்பை. மற்றபடி துளசிங்கமேதான்.

பல்லாவரத்துக்குக் குடிவந்தவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள், சேலையூரில் ஒருத்தர் உங்கள் ஏழாம் நம்பர் ஜெர்சியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறார் என்று. மனுஷனுக்கு ஆசை. பஸ் பிடித்து வந்தார், பார்த்தார், பூரித்தார்.

அதோடு காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். சட்டத்தருகே போய் உற்றுப் பார்த்தவர், "இது என் கையெழுத்து இல்லையே தம்பி" என்று சொல்லித் தொலைத்தார்.

காபித் தட்டோடு வந்த ஜாய்சனின் மனைவி சுஜி, தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினாள்.

அது கல்யாணமான புதிதில் நடந்தது. ஜாய்சன் ஏதோ மேட்ச் பார்த்துவிட்டு வந்து, அந்த ஜெர்சியை நாற்காலியில் போட்டுவிட்டு ஆபீஸ் போயிருந்தான். எவனோ ஒருவனின் வியர்வை நாறுகிற பனியனை எந்தப் பெண்தான் வீட்டுக்குள் வைத்திருப்பாள்? சோப்புத் தூளில் ஊறப்போட்டு, கும்மி, அலசிக் கொடியில் போட்டுவிட்டாள். நம்பர் பளிச்சென்று ஆனது.

அப்புறம்தான் ஜாய்சன் போன் செய்தான். ஜெர்சியில் துளசிங்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறார், தண்ணீர் பட்டுவிடாமல் பத்திரமாக எடுத்து வை என்றான்.

சுஜி அழுதாள். அழுதுகொண்டே ஸ்கூல் மார்க்கரை எடுத்து, துளசிங்கம் என்று இங்கிலீஷில் தானே போட்டுவிட்டாள். அவள் நாலாம் வகுப்பு டீச்சர். ஆறடி நாலங்குல ஆட்டக்காரரின் கையெழுத்து, நாலு கோடு நோட்டில் எழுதியது மாதிரி சாய்வும் சுழிப்புமாக, புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் மறக்காமல் புள்ளியோடு அமைந்துபோனது.

வீட்டுக்கு யார் வந்தாலும் ஜாய்சன் அதைத்தான் காட்டுவான். "எழுத்தைப் பாருங்க, என்னா ஒழுங்கு. இப்படி எழுதறவங்க மனசு எப்படி இருக்கும்" என்பான். ஒவ்வொரு தடவையும் சுஜி சமையல்கட்டுக்குள் போய் ஜெபம் செய்வாள்.

இன்றைக்கு ஜெபமும் கைகொடுக்கவில்லை. துளசிங்கம் ஒரு தாள் கேட்டு வாங்கித் தன் கையெழுத்தைப் போட்டுக் காட்டினார். அறுந்த பல்லி வால் மாதிரி ஒரு கிறுக்கல். ஜாய்சன் அதைச் சட்டத்துக்குப் பக்கத்தில் பிடித்து மாறி மாறிப் பார்த்தான். பார்த்த பிறகுதான் அவரைத் துளசிங்கம் இல்லை என்று தள்ளினான்.

அவர் ஆதார் கார்டை எடுத்து நீட்டினார். ஆதாரில் இருக்கிற போட்டோவை வைத்துப் பெற்ற தாய்கூடப் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது என்று ஜாய்சன் திருப்பிக் கொடுத்துவிட்டான். ஃபைனலில் கடைசி நிமிஷத்தில் தான் போட்ட பாஸ்கெட்டை அவர் கையைத் தூக்கி ஆடியே காட்டினார், ஃபேனில் படாதது பாக்கியம். அதை ஊரே பார்த்ததே, யார் வேண்டுமானாலும் ஆடிக் காட்டலாமே என்றான்.

"சரி தம்பி, அதைக் கழட்டுங்க. நானே இப்ப ஒரிஜினலா ஒண்ணு போட்டுத் தந்துடறேன்" என்றார் பாவம், இறங்கி வந்து.

ஜாய்சன் இரண்டு கைகளையும் விரித்துச் சட்டத்தை மறைத்துக்கொண்டு நின்றான். "கிட்ட வராதீங்க. நல்ல கையெழுத்தைக் கெடுத்துடாதீங்க."

அவர் கிளம்பிவிட்டார். போகிற அவசரத்தில் குனிய மறந்து, வாசற்காலில் நெற்றியை இடித்துக்கொண்டு போனார்.

நான்தான் போட்டேன் என்று சுஜி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும், துணிச்சல் வரவில்லை. இவர் மட்டும் என்ன மனுஷன்? ஆளைத் துரத்திவிட்டு அவர் சட்டையைக் கும்பிடுகிறாரே என்று புருஷன்மேல் ஆத்திரமாகவும் வந்தது.

"அடுத்த தெருவுல வேற யாரையாவது ஏமாத்தப் போறார். பஸ் ஏறிட்டாரானு பாத்துட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஜாய்சன் கிளம்பினான்.

தனியாக நின்றதும் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு பெரிய மனுஷன் தன்னால் ஏமாற்றுக்காரன் பட்டத்தோடு போகிறார். என்ன ஆனாலும் ஆகட்டும், இரண்டு பேரிடமும் சொல்லிவிடுவது என்று நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் இருவரும் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். ஜாய்சன் துளசிங்கத்தின் கையை இறுகப் பிடித்திருந்தான்.

"உள்ள வரும்போதே தெரிஞ்சிடுச்சுண்ணா, நீங்கதான்னு. நீங்க என் வீட்டுக்கு வரணும்னு எத்தனை வருஷ ஆசை தெரியுமா? ஆனா அந்தக் கையெழுத்து என் வீட்டுக்காரி போட்டது. தெரியாம துவைச்சுட்டா, பயந்து போட்டிருக்கா. தினம் பாக்கற எழுத்து, எனக்குத் தெரியாதா? உங்களை நிஜம்னு நான் ஒத்துக்கிட்டா, அவ போட்டது பொய்னு ஆயிடுமேண்ணா."