நகுமோவின் உறுமல்

"நீங்க பாடுறதுல நகுமோ எங்கண்ணே இருக்காரு? பூதக்கண்ணாடி வெச்சுத் தேடினாலும் கெடைக்க மாட்டேங்குறாரே."

மேக்கப் அறையில் கான்பேய் இப்படிச் சொன்னதும் ஒரிஹாராவுக்குச் சுருக்கென்றது. அறுபத்தெட்டு வயதில், மகன் வயதுக்காரனிடம் பாட்டுக்குக் குட்டு வாங்குவது யாருக்குத்தான் இனிக்கும்? ஆனால் வேறு வழியில்லை. மிமிக்ரி கலைஞன் கான்பேய், இருபது வருடமாக நகுமோ ரெய்ஜியைப் போலப் பாடியே பேர் வாங்கியவன். டோக்கியோவில் எந்தச் சேனலைத் திருப்பினாலும் அவன் மூஞ்சிதான். டி.வி. நிகழ்ச்சிக்கான நேற்றைய ஒத்திகையில் ஒரிஹாரா பாடி முடித்ததும் இயக்குநர் முகத்தைச் சுளித்து, "நாளைக்குள்ள கான்பேய்கிட்ட கத்துக்கிட்டு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"மறுபடி பாடுறேன்" என்றார் ஒரிஹாரா.

'இரும்பு வேந்தன் கோர்தா' என்ற கார்ட்டூன் தொடரின் முகப்புப் பாட்டு அது. மொத்தமே ஒன்றரை நிமிடம். நாற்பது வருடத்துக்கு முன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், ஜப்பானில் ஒரு பிள்ளை தெருவில் இருக்காது. நகுமோ என்ற மேடைப் பெயரில் அதைப் பாடியவர் அப்புறம் இருந்த இடம் தெரியவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார் என்றே பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கோர்தா புதுத் தொடராக வரப்போகிறது. பாட்டு அதேதான், குரலும் நகுமோ குரலாகவே இருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். இன்றைய நிகழ்ச்சிக்கு அவர்களே நேரில் வந்து முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள். கூட்டம் உருகினால் பாட்டு ஒரிஹாராவுக்கு. இல்லாவிட்டால் வழக்கம்போலச் செவ்வாயும் வெள்ளியும் காவாகோயே நகர மன்றத்தில் குடும்பப் பெண்களுக்குக் கோரஸ் சொல்லிக்கொடுக்க வேண்டியதுதான். பாட்டுக்காரன் என்று நாலு பேர் சொல்ல, இதை விட்டால் அவருக்கு வேறு சந்தர்ப்பம் இல்லை.

கைகளைத் தொடையோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. கோயில்ல வேண்டுதல் வெக்கிற மாதிரி நிக்கிறீங்க. நகுமோன்னா முஷ்டி நடுங்கணும். தாடை ஆடணும். 'வேந்தா'ன்னு முடியற எடத்துல அடிவயித்துலேர்ந்து ஒரு உறுமல் வரணும்."

"ரெக்கார்டுல உறுமலே கெடையாதுப்பா. அந்த எடத்துல சின்னதா ஒரு மூச்சு, அவ்ளோதான்."

"ரெக்கார்டை யாருண்ணே இப்ப கேக்குறா? கரோக்கே கடையில போய்ப் பாருங்க, அத்தனை பேரும் உறுமித்தான் பாடுறானுங்க. நகுமோவே வந்து நின்னு மூச்சு விட்டாலும், எங்கய்யா உறுமலைக் காணோம்னுதான் கேப்பானுங்க."

"அதை எங்கேர்ந்துதான் புடிச்ச?"

கான்பேய் தலையைச் சொறிந்தான். "ஒசாகாவுல ஒரு நாள் மேடையில இருக்கும்போது தொண்டையில சளி கட்டிக்கிச்சு. கூட்டம் உருண்டு பொரண்டு சிரிச்சுது. அன்னையிலேர்ந்து நான் அதை விடல."

"ஒன் சளிக்கு நான் உறுமணுமா?"

"சளிக்கு வேணாம்ணே. பாட்டு கெடைக்கணும்ல, அதுக்கு உறுமுங்க."

ஒரிஹாராவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மைக்கை அவன் தலையில் போட்டுவிட்டு ரயிலேறிவிடலாமா என்றுகூட நினைத்தார். ஆனால் முன்வரிசையும் தயாரிப்பாளர்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள். பார்லி டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டு மறுபடி எழுந்து நின்றார்.

நிகழ்ச்சியின் முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். நகல் பாடகர் ஒரு சரணம் பாடுவார். இரண்டாவது சரணத்தில் பின்திரை விலகி அசல் பாடகர் பாடிக்கொண்டே வந்து அவர் தோளைத் தொடுவார். நகல் திரும்பிப் பார்த்து, அலறித் தரையில் விழுந்து கும்பிடுவார். கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். வருடக்கணக்காக இதே கூத்து, ஒரு தடவைகூட யாருக்கும் சலித்ததில்லை.

"கூட்டம் பொல்லாததுண்ணே" என்றான் கான்பேய். "நகுமோ எப்படி இருப்பாருன்னு ஒவ்வொருத்தன் மனசுலயும் ஒண்ணு இருக்கு. அதுல ஒரு நூல் கொறஞ்சாலும் கை தட்ட மாட்டான்."

ஒரிஹாரா முஷ்டியை நடுங்க வைத்தார். தாடையை ஆட்டினார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் 'வேந்தா' வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டு, நாற்பது வருட வயிற்றெரிச்சலையும் சேர்த்து உறுமினார். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி அதிர்ந்தது.

கான்பேய் அப்படியே நின்றுவிட்டான். அவன் கை மயிர் சிலிர்த்திருந்தது.

"வந்துட்டாருண்ணே" என்றான் மெதுவாக. "இப்பத்தான் நகுமோ வந்தாரு."

ஒரிஹாராவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கதவைத் தட்டிக்கொண்டு, காதில் ஹெட்போனோடு உதவி இயக்குநர்ப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"கான்பேய் சார், மேடைக்கு வாங்க. மொத சரணம் நீங்க பாடுறீங்க."

அவன் ஓடினான். அவள் ஒரிஹாரா பக்கம் திரும்பி, இடுப்பு வளைய வணங்கினாள்.

"நகுமோ சார், ரெண்டாவது சரணத்துல திரை வெலகினதும் நீங்க வரணும். இன்னைக்காவது கான்பேய் சார் மாதிரியே பாடிடுங்க சார், நேத்து நீங்க பாடினதைக் கேட்டுட்டு, அசல் ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னா யாரோ ஒரு போலியைப் புடிச்சிட்டு வந்திருக்கீங்களேன்னு டைரக்டர் எங்களைத் திட்டித் தீர்த்துட்டாரு."