முறைக்கத் தெரியாத கேமரா

"முறைக்கிறேன், இப்படியே எடுங்க பார்ப்போம்."

"எடுத்தாலும் கேமரா உன்னைச் சிரிக்க வெச்சுடும், ஸ்டெல்லா."

"அப்போ நீங்க எதுக்கு போட்டோகிராபர்?"

மனைவி கேட்ட அந்தக் கேள்வி அருள்தாசை விடவேயில்லை. இப்போது வரும் எந்தக் கேமராவும், எப்படிப்பட்ட முகத்தையும் தானாகவே சிரிப்பதாக மாற்றித்தான் படம் எடுத்தது. மங்கிய மாலையையும் பொன்வெயிலாக்கியது. அவள் இறந்த பின் புரட்டிப் பார்த்தால், அத்தனை படங்களிலும் யாரோ ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் தாமதமாக வீடு திரும்பும்போது வாசலில் முறைத்துக்கொண்டு நிற்பாளே, அந்த முகம் எதிலும் இல்லை. இப்போது நினைவிலும் அது மங்கிக்கொண்டிருந்தது.

தோசை வைக்க வந்த மகள் பெனிட்டாவுக்கு அம்மாவின் அதே புருவங்கள்.

"என்னப்பா, சாப்பிடாம என்னையே பார்க்கிறீங்க?"

எத்தனையோ முறை கேட்க நினைத்து விழுங்கியதை அன்று கேட்டே விட்டார்.

"ஒரே ஒரு தடவை, அம்மா மாதிரி என்னை முறைச்சுப் பாரும்மா."