மூன்றாவது பேர்

நாகப்பன் பேரைப் படித்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மண்ணாங்கட்டியும் நின்றான்.

தாவீது பேருக்கும் நின்றான்.

"கோதண்டராமன், பர்மா சண்டை" என்று மூன்றாவது பேரைப் படித்தபோது ஊரே எழுந்தது. மண்ணாங்கட்டி மட்டும் கடைசி வரிசை பெஞ்சில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தான்.

பஞ்சாயத்து கிளார்க் முனிரத்தினம் மேடையோரத்திலிருந்து எட்டிப் பார்த்தான். சுதந்திர வெள்ளிவிழாவுக்கு, போரில் செத்த ஊர்க்காரர்கள் பேரில் ஒரு கல் நடலாம் என்றது அவன்தான். ஸ்ரீபெரும்புதூரில் கல் செதுக்கக் கொடுத்ததும், ஒவ்வொரு பேருக்கும் ஒரு நிமிஷம் எழுந்து நிற்கணும் என்று ஏற்பாடு செய்ததும் அவனே. மேடையில் நின்ற தாசில்தாரோ கல்லை விட்டுவிட்டு மண்ணாங்கட்டியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"எந்திரிய்யா! செத்தவருக்கு மரியாத குடுக்கத் தெரியாது?" பக்கத்தில் நின்றவன் தோளைப் பிடித்து இழுத்தான்.

மண்ணாங்கட்டி அசைந்துகொடுக்கவில்லை.

தாசில்தார் பேசும்போது குரல் தழுதழுத்தது. "சீனா சண்டையில செத்த நாகப்பனுக்கு மனைவி இருக்காங்க. போன வருஷம் செத்த தாவீதுக்குத் தாயார் இருக்காங்க. கோதண்டராமனுக்காக அழ ஒரு ஜீவன் இல்ல. இந்த ஊர்தான் அவருக்குச் சொந்தம்!"

கைதட்டல் அடங்க நேரமானது. சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஜீப்பில் ஏறும்போது தாசில்தார் கேட்டார். "உக்காந்திருந்தானே, யார் அவன்?"

"பஞ்சாயத்து மோட்டார் போடறவன் சார். ஒண்டிக்கட்டை. மோட்டார் ரூம்லதான் படுத்துக்குவான்" என்றார் பஞ்சாயத்து பிரசிடென்ட்.

"நாட்டுக்காகச் செத்தவனை மதிக்கத் தெரியாதவனுக்குப் பஞ்சாயத்து வேலை எதுக்கு? இன்னிக்கே வெளிய அனுப்புங்க."

ஜீப் கிளம்பியது. பிரசிடென்ட் திரும்பினார். "காதுல வுழுந்துதா முனிரத்தினம்? போய் சாவிய வாங்கு."

முனிரத்தினத்துக்கு அந்த மூன்றாவது பேர்மேல் தனிப் பிரியம். பட்டாளத்துக்குப் போனவர்கள் என்று மேலிடத்திலிருந்து வந்த பழைய காகிதத்தில் பேரும் ஊரும் பர்மா என்ற சொல்லும் மட்டும்தான் இருந்தன. கோதண்டராமன் யார் என்று வீடு வீடாக ஏறி இறங்கினான். ஒருத்தருக்கும் தெரியவில்லை. "போனவன் திரும்பலன்னா இன்னா அர்த்தம்? அங்கியே பூட்டிருப்பான். கல்லுல போடு" என்றார் பிரசிடென்ட். போட்டாயிற்று. அப்படி யாருமே இல்லாமல் செத்தவனுக்கு இந்த மோட்டார்க்காரன் எழுந்து நிற்கமாட்டானாம்!

மோட்டார் ரூமில் மண்ணாங்கட்டி கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின்மேல் உட்கார்ந்து பழையசோறு தின்றுகொண்டிருந்தான். ஊரெல்லாம் கொடுத்த லட்டு இங்கே வந்து சேரவில்லை.

"இன்னாய்யா திமிரு உனுக்கு? நாகப்பனுக்கு நின்ன, தாவீதுக்கு நின்ன. அந்த மூணாவது ஆளு உனுக்கு இன்னா கெடுதல் பண்ணாரு?"

"ஒண்ணும் பண்ணல சார்."

"அப்புறம் இன்னா? தாசில்தார் உன்னிய வெளிய அனுப்பச் சொல்லிட்டாரு. சாவியக் குடு."

மண்ணாங்கட்டி கையைக் கழுவிவிட்டு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். ஒரு வார்த்தை கெஞ்சவில்லை. கம்பளியை மடித்தான். தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டான். அவன் குடித்தனம் அவ்வளவுதான்.

முனிரத்தினத்துக்கு மனசு கேட்கவில்லை. "எங்கய்யா போவ?"

"பாக்கலாம் சார். எங்க போனாலும் ஒண்ணுதான்."

"ஒரு நிமிசம் நின்னிருந்தா இந்தக் கதி வந்திருக்குமா? ஏன் நிக்கல, அதையாச்சும் சொல்லு."

மண்ணாங்கட்டி தகரப்பெட்டியைக் கீழே வைத்தான்.

"எனக்கு முன்னாடி பொறந்த நாலு கொழந்தையும் தங்கல சார். எமனும் வேணாம்னு வுட்டுடட்டும்னு என்னியக் குப்பையில போட்டு எடுத்து, மண்ணாங்கட்டின்னு பேர் வெச்சாங்க. பட்டாளத்துக்கு ஆளெடுக்கறப்ப, வெள்ளக்கார தொர இந்தப் பேரக் கேட்டுச் சிரிச்சாரு. ரைட்டருதான் பாவம் பாத்து, வேற பேரு எழுதினாரு."

பெட்டியைத் திறந்து ஒரு காகிதத்தை நீட்டினான். மடிப்பெல்லாம் கிழிந்து போன டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட்.

முனிரத்தினம் பேரைப் படித்தான். மறுபடியும் படித்தான்.

"ஊருல யாருக்கும் தெரியாதா?"

"டீக்கடையில ஒருவாட்டி சொன்னேன். மண்ணாங்கட்டி சண்டைக்குப் போனானாம்னு சிரிச்சாங்க. வுட்டுட்டேன். அந்தப் பேரச் சொல்லிக் கூப்ட்டவங்க அல்லாரும் பர்மாவுலயே பூட்டாங்க. நீங்க வூடு வூடா விசாரிச்சீங்களாம். இங்க மட்டும் யாரும் வந்து கேக்கல."

"அங்கியே எந்திரிச்சு சொல்லியிருக்கலாமே!"

"அம்மாம் பேரு எதிர்ல உங்களுக்குத் தலகுனிவாப் பூடுமே சார்."

முனிரத்தினம் சாவியை அவர் கையில் திரும்ப வைத்து அழுத்தினான். "மன்னிச்சிடுங்கய்யா. தாசில்தார் கிட்ட நானே போய்ச் சொல்றேன். நாளைக்கே ஆளக் கூட்டியாந்து, கல்லுலருந்து உங்க பேர எடுத்துடறேன்."

கோதண்டராமன் பதறிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க சார், அந்தப் பேர எடுக்காதீங்க. இன்னிக்கு ஊரே எனக்காக எந்திரிச்சு நின்னுது, உக்காந்து கண்ணு நெறயப் பாத்தேன். உசுரோட கீறேன்னு தெரிஞ்சா, அடுத்த வருசம் எவன் சார் நிப்பான்?"