ஜானவாசக் கார்

யுத்தம் முழுதும் பெட்ரோல் இல்லாமல் மயிலாப்பூர் வீட்டு ஷெட்டில் கிடந்த காரின் துருப்பிடித்த கதவுகளைக் கழற்றிவிட்டு, மெக்கானிக் கரீமுல்லா புதுக் கதவுகளை மாட்டினார். காமாக்ஷி அவற்றைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

“நாளைக்கு ஜானவாசம், பாய். பாதி வழியில கழண்டு விழப்படாது.”

“மாப்ள ராஜா மாதிரி போவாரும்மா. கழுத்து மாலைகூட ஆடாது.”

“அவர் கதவோரமா சாய்ஞ்சுண்டுதான் உட்காருவார். கெட்டியா இருக்கணும்.”

“தம்பி கல்யாணம்னா அக்காவுக்கு இவ்ளோ அக்கறையா!”

“தம்பி இல்லை, பாய். எங்காத்துக்காரர். எனக்குக் குழந்தை பொறக்கலை. அதான் ரெண்டாந்தாரம்.”

கரீமுல்லாவின் கை ஸ்பானரோடு நின்றது. “பழைய கதவுங்கள இன்னா பண்றதும்மா?” என்றார்.

“கொல்லை ரூம்ல போட்டுடுங்கோ. என் படுக்கையையும் அங்கதான் போட்டிருக்கா.”